வண்ணம், வாடகை அறை, சென்னை ஈரம்: வாசகர் கேள்வி – பதில்

சொந்த ஊரில் பி.எஃப்.ஏ. (இளங்கலை நுண்கலை) முடித்துவிட்டு, எம்.எஃப்.ஏ. (முதுகலை) படிக்கச் சென்னை அரசு கவின் கலைக் கல்லூரிக்கு வந்திருக்கும் மாணவர்களின் கடிதங்களுக்கு இந்த இதழில் பதில். ஓவியமும் சிற்பமும் கற்பிப்பவர்கள் எழுதுகிறார்கள்.

கேள்வி: திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருவர் தங்கும் அறை. இரவில்தான் ஆயில் கலரில் வேலை செய்ய முடிகிறது. கலரைக் கரைக்கும் டர்பன்டைன் வாடையில் தலை வலிக்கிறது என்று அறை நண்பர் சண்டைக்கு வருகிறார். கும்பகோணத்தில் சீக்கிரம் காய்ந்த கலர் இங்கே பத்து நாளாகியும் விரலில் ஒட்டுகிறது. என்ன செய்யலாம்?
– முதலாண்டு ஓவிய மாணவர்

பதில்: நண்பர் பக்கம் நியாயம் இருக்கிறது. மின்விசிறி ஓடினால் வாடை போய்விடும் என்று நினைக்காதீர்கள். சீலிங் ஃபேன் அதே காற்றைத்தான் அறைக்குள் சுற்றவிடும். ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து ஒரு டேபிள் ஃபேனை வைத்து, எதிர்ப்பக்கக் கதவைக் கொஞ்சம் திறந்து வையுங்கள். அப்போதுதான் காற்று வெளியே போகும். டர்பன்டைனை அகலமான டப்பாவில் ஊற்றி வைப்பதும் தவறு. வாய் அகலமானால் அவ்வளவும் ஆவியாகி மூக்குக்குத்தான் வரும். வாய் குறுகிய சின்னப் பாட்டிலில் 30 மி.லி. மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷ்ஷைத் தோய்த்ததும் மூடிவிடுங்கள்.

பிரஷ் கழுவுவதற்கு டர்பன்டைன் தேவையே இல்லை. பழைய செய்தித்தாளில் கலரை அழுத்தித் துடைத்தெடுங்கள். பிறகு ஒரு ஸ்பூன் சமையல் எண்ணெயில் பிரஷ்ஷைப் பிசைந்து மறுபடி துடையுங்கள். கடைசியில் துணி சோப்பை உள்ளங்கையில் தேய்த்து, நுரை வெள்ளையாக வரும்வரை கழுவுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு மயிரில் மிச்சமிருக்கக் கூடாது. இருந்தால் மறுநாள் ஓவியத்தில் அந்த இடம் காயாது. சமையல் எண்ணெய் கழுவுவதற்கு மட்டும்தான், கலருக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. தேங்காய் எண்ணெய் கலந்த கலர் எத்தனை மாதமானாலும் காயாது. மண்ணெண்ணெயும் வேண்டாம், பிசுக்கு விட்டுப் போகும். ஹார்டுவேர் கடைத் தின்னர் டர்பன்டைனைவிடக் கெடுதல்.

இன்னொன்றை அலட்சியமாக விடக் கூடாது. கலரில் கலக்கும் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) நனைந்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூடு பிறக்கும். சுருட்டலுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் ஏறிக்கொண்டே போய், யாரும் பற்றவைக்காமலே தீப்பிடிக்கும். துணியை விரித்துக் கம்பியில் வெளியே காயப்போடுங்கள், இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய தகர டப்பாவில் போட்டு மூடுங்கள். மரக் கட்டிலும் மெத்தையும் நெருங்கிக் கிடக்கும் மேன்ஷன் அறைக்கு இது ரொம்ப முக்கியம்.

இனி, காயாத கதை. ஆயில் கலர் துணி உலர்வதுபோல் ஈரம் போய்க் காய்வதில்லை. எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனை இழுத்து இறுகுகிறது. அதற்கு வெளிச்சமும் காற்றோட்டமும் வேண்டும். ஊரில் கல்லூரி வராந்தாவில் வைத்திருந்திருப்பீர்கள்; இங்கே கட்டிலுக்கடியில் தள்ளியிருப்பீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழை ஈரமும் சேர்ந்தால் இன்னும் தாமதம். கட்டிலுக்கடி இருட்டில் வெள்ளைகூட மஞ்சளடிக்கும்.

கலரைப் பொறுத்தும் நாள் மாறும். அம்பர் என்னும் பழுப்பு வகைகளில் மாங்கனீஸ் இருப்பதால் சீக்கிரம் இறுகும். டைட்டானியம் வெள்ளை, ஐவரி பிளாக், அலிசரின் கிரிம்சன் எல்லாம் மெதுவானவை. அடித்தளத்தைக் கருப்பில் போட்டுவிட்டு மேலே அம்பர் அடித்தால் மேல்படை முதலில் இறுகி, கீழ்ப்படை பிறகு அசைந்து, வெடிப்பு விழும். முதல் படைக்கு டர்பன்டைன் மட்டும், அடுத்ததற்கு 2 பங்கு டர்பன்டைனுக்கு 1 பங்கு லின்சீட், கடைசிக்குச் சரிபாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். மேலே போகப்போக எண்ணெய் கூடலாம், குறையக் கூடாது.

இவ்வளவும் செய்தும் நண்பர் முகம் சுளித்தால், ஆயிலைக் கல்லூரி ஸ்டூடியோவோடு நிறுத்திவிட்டு அறையில் அக்ரிலிக்குக்கு மாறுங்கள். சித்திரை வெயிலில் தட்டில் பிதுக்கிய அக்ரிலிக் சில நிமிடத்திலேயே தோல் கட்டிவிடும். மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் பருத்தித் துணியை நான்காக மடித்து, நனைத்து, தண்ணீர் தேங்காத அளவுக்குப் பிழிந்து விரியுங்கள். அதன்மேல் பட்டர் பேப்பரை ஒட்டினாற்போல் வைத்து, அதில் கலரைப் பிதுக்குங்கள். மூடி வைத்தால் மறுநாளும் குழைவாகவே இருக்கும். துணியை மட்டும் அவ்வப்போது மாற்றுங்கள், வாடை வந்துவிடும். அக்ரிலிக் மேல் ஆயில் அடிக்கலாம். ஆயில் மேல் அக்ரிலிக் அடித்தால் உரிந்து வரும்.

கேள்வி: 3 × 4 அடி கேன்வாஸ் நானே அடித்தேன். மழை நாளில் தொளதொளவென்று ஆகிவிட்டது. நடுவில் சட்டத்தின் கோடு வேறு தெரிகிறது. தாம்பரத்திலிருந்து எலெக்ட்ரிக் ட்ரெயினில் இதை எப்படிக் கொண்டுவருவது?
– ஒரு மாணவி

பதில்: கோடு தெரிவதற்குக் காரணம் சட்டம். துணியைத் தொடும் பக்கம் தட்டையாக இருந்தால், பிரஷ் அழுத்தும்போதெல்லாம் துணி மரத்தில் இடித்துத் தடம் விழும். மரக்கடையில் 2 × 1 அங்குல ரீப்பர் வாங்கும்போதே உள்விளிம்பைச் சரிவாக இழைத்துத் தரச் சொல்லுங்கள். வெளிவிளிம்பு மட்டும்தான் துணியைத் தொட வேண்டும். 3 அடிக்கு மேல் போனால் நடுவில் ஒரு குறுக்குச் சட்டம் வேண்டும், அதுவும் துணியைத் தொடாமல் உள்வாங்கி இருக்க வேண்டும்.

துணியை 42 × 54 அங்குலம் வெட்டுங்கள். பக்கத்துக்கு 3 அங்குலம் மடிக்கக் கிடைக்கும். காடா துணியானால் வெந்நீரில் அலசிக் கஞ்சியை எடுத்துவிட்டுத்தான் அடிக்க வேண்டும். நான்கு பக்கமும் நடுவில் ஒவ்வொரு பின் அடித்துவிட்டு, எதிரெதிர்ப் பக்கமாக இழுத்துக்கொண்டே வெளியே நகருங்கள். 2 அங்குலத்துக்கு ஒரு பின். மூலை எப்போதும் கடைசியில்தான். ஒரு மூலையிலிருந்து தொடங்கினால் எதிர்மூலையில் சுருக்கம் திரண்டு நிற்கும், அதைப் பிறகு எடுக்கவே முடியாது.

தொய்வுக்கு, பின்பக்கத்தில் லேசாகத் தண்ணீர் தெளித்துக் காயவிட்டுப் பாருங்கள். ஓரளவு இறுகும். ஆனால் மூலையை ஆணியடித்து இறுக்கிய சட்டத்தில் இது தற்காலிகம்தான். மூலையில் ஆப்பு செருகும் இடம் விட்ட சட்டமாக இருந்தால், ஒவ்வொரு மழைக்கும் ஆப்பை ஒரு தட்டு தட்டினால் போதும்.

கலருக்கு முன் துணியில் பூசும் ப்ரைமரை வீட்டில் ஃபெவிகாலும் ஜிங்க் ஆக்சைடும் கலந்து செய்பவர்கள் நிறைய. ஃபெவிகால் கூடினால் பளபளத்துக் கலர் பிடிக்காது. பொடி கூடினால் சுருட்டும்போது பொறிந்து உதிரும். எந்த ப்ரைமரானாலும் கனமாக ஒரு பூச்சு வேண்டாம், மெல்லிசாக மூன்று பூசுங்கள், ஒன்று நெடுக்கில், அடுத்தது குறுக்கில். நடுவில் 220 நம்பர் உப்புத்தாள். ப்ரைமர் இல்லாத துணியில் ஆயில் அடித்தால் எண்ணெய் ஊறிப் பருத்தி இற்றுப்போகும்.

ட்ரெயினுக்கு வருவோம். காலை 8 மணிக்கு மேல் தாம்பரம் வண்டியில் 3 × 4 அடிச் சட்டத்தோடு ஏற நினைக்காதீர்கள். அதே ஓவியத்தை 18 × 24 அங்குலத்தில் நான்கு துண்டாகச் செய்யுங்கள். சேர்த்து வைத்தால் சரியாக 3 × 4 அடி. ஒரே துணிப்பையில் நின்றுவிடும், பார்க் ஸ்டேஷனில் இறங்கிக் கல்லூரி இருக்கும் பெரியமேட்டுக்கு நடந்தே போகலாம். துண்டுகளுக்கிடையில் பட்டர் பேப்பர் வையுங்கள். செய்தித்தாள் வைத்தால் வெயிலில் அக்ரிலிக் இளகி எழுத்து ஏறிவிடும், பபிள் ராப் வைத்தால் புள்ளி புள்ளியாகத் தடம் விழும். ஒரே துணியில்தான் வேண்டுமென்றால் சட்டத்திலிருந்து கழற்றி, ஓவியம் வெளிப்பக்கம் இருக்கும்படி 6 அங்குலப் பி.வி.சி. குழாயில் சுருட்டுங்கள். நண்பரின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து பிடித்துக்கொண்டு வருவது மட்டும் வேண்டாம். கடற்காற்றில் கேன்வாஸ் பாய் விரித்துக்கொள்ளும், வண்டி சாயும்.

கேள்வி: ஊரில் காவிரிக் கரை, தேர், மாடு என்று வரைந்து தள்ளினேன். இங்கே வந்ததிலிருந்து ஸ்கெட்ச் புத்தகம் வெறுமையாகக் கிடக்கிறது. எதைப் பார்த்தாலும் வரையத் தோன்றவில்லை. தெருவில் நின்றால் கூட்டம், ரயில் நிலையத்தில் போனால் போலீஸ். தினமும் வரைந்து, ஏதாவது எழுதியும் வைக்கச் சொல்கிறார் ஆசிரியர். என்ன எழுதுவது?
– முதலாண்டு மாணவர், சூளை

பதில்: சென்னையைச் சுற்றிப் பார்ப்பதைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள். காவிரிக் கரையை உங்களுக்கு நன்றாக வரைய வந்ததற்குக் காரணம் காவிரி அல்ல, அதே கரையைப் பல வருடம் பார்த்திருந்தீர்கள். இங்கேயும் ஒரே இடத்தைப் பிடியுங்கள். அறைக்குப் பக்கத்து டீக்கடை போதும். ஒரே நேரம், 15 நிமிடம், நான்கு வாரம்.

முதல் வாரம் மனிதர்களைத் தொடாதீர்கள். பாய்லர், கண்ணாடி ஜாடி, தொங்கும் வாழைத்தார், இப்படி நகராதவை மட்டும். அடுத்த வாரம் கோடு போடாமல் வெளிச்சமும் நிழலும் மட்டும். மூன்றாம் வாரம் டீ மாஸ்டர். ஆற்றும்போது அவர் கை மேலே போய் ஒரு கணம் நிற்கும், கீழே வந்து ஒரு கணம் நிற்கும். நடுவில் உள்ளதைப் பிடிக்க முயலாதீர்கள், அந்த இரண்டு நிலையை மட்டும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வரையுங்கள். மேலே போன கைக்கு ஏற்பத் தோள் எவ்வளவு ஏறுகிறது, எந்தக் காலில் எடை நிற்கிறது என்று பாருங்கள். அவர் நகர்ந்துவிட்டால் அழிக்காமல் விட்டுவிட்டு அதே பக்கத்தில் வேறொன்றைத் தொடங்குங்கள். அடுத்த டீக்கு அதே நிலைக்குத் திரும்பி வருவார். நான்காம் வாரம் வாடிக்கையாளர்கள். வரும்வரை காத்திருக்கத் தேவையில்லாத கூட்டம்.

எழுதுவதைப் பற்றி: கோட்டால் பிடிக்க முடியாததை எழுதுங்கள். மணி, வெளிச்சம் எந்தத் திசையிலிருந்து, வாடை, காதில் விழுந்த ஒரு பேச்சு. ‘அழகாக இருந்தது’ என்ற வரியால் ஆறு மாதம் கழித்துப் பயனில்லை. ‘6.40. வெயில் இடப்பக்கம். சுவர் காவி, மழை ஊறிய இடத்தில் பச்சை. பால் கொதிக்கும் வாடைமேல் சாம்பிராணி’ என்றிருந்தால் அதிலிருந்து ஒரு ஓவியம் எடுக்கலாம். நாளைக்கு நாலைந்து வரி போதும். ஊர் நினைப்பு வந்தால் அதையும் எழுதுங்கள், ஆனால் கூடவே எதைப் பார்த்து வந்தது என்று எழுதுங்கள்.

புத்தகம் ஏ5 அளவு, 150 ஜி.எஸ்.எம். தாள். இதைவிடப் பெரிதானால் பையிலிருந்து எடுக்கவே சோம்பல் வரும். சென்னை வியர்வையில் உள்ளங்கை தாளில் ஒட்டி, சாதாரண ஜெல் பேனா மையை இழுத்துவிடும். கைக்கடியில் ஒரு துண்டுத் தாள் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையேல் தண்ணீரில் கரையாத மைப் பேனா வாங்குங்கள்.

கூட்டத்துக்கு மருந்து சுவர். முதுகைச் சுவரில் கொடுத்து உட்கார்ந்தால் எட்டிப் பார்க்க இடமிருக்காது. கடைக்காரரிடம் முதலில் ஒரு டீ வாங்கிவிட்டு, ‘அண்ணே, கொஞ்ச நேரம் உட்கார்ந்து வரையட்டுமா?’ என்று கேட்டுவிடுங்கள். பூக்கடை அக்காவிடமும் அப்படித்தான். வியாபார நேரத்தில் கடையை மறைத்து உட்காரக் கூடாது. யார் கேட்டாலும் வரைந்ததைக் காட்டுங்கள். நடைபாதையில் தூங்குகிறவர்களை வரைவதை விட்டுவிடலாம், அவர்களால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ரயில் நிலையத்தில் டிக்கெட்டோ பிளாட்பார டிக்கெட்டோ, கூடவே கல்லூரி அடையாள அட்டையும் கையில் இருக்கட்டும். அதன் பிறகும் காவலர் வேண்டாமென்றால் வாதாடாமல் மூடிவிட்டு வாருங்கள்.

கேள்வி: எழும்பூர் மியூசியத்துக்கு ஒருமுறை போனேன், கால் வலிதான் மிச்சம். எப்படிப் பார்ப்பது?
– சிற்ப மாணவி

பதில்: வெள்ளிக்கிழமை விடுமுறை, அதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 1851-இல் தொடங்கிய இடம், ஒரே நாளில் சுற்றினால் கால்தான் வலிக்கும். ஒரு நாளைக்கு ஒரு சிலை போதும். வெண்கலக் கூடத்தில் திருவெண்காட்டு அர்த்தநாரியிடம் உட்காருங்கள். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு கை, இடப்பக்கம் உமைக்கு ஒன்று. மொத்தம் மூன்றுதான், ஆனாலும் சிலை ஒரு பக்கமாகச் சாய்ந்ததாகத் தோன்றாது. ஏன் என்று கண்டுபிடிப்பதே பயிற்சி. பென்சிலைத் தொங்கவிட்டுப் பிடித்து, தொண்டைக் குழியிலிருந்து நேர்க்கோடு எந்தப் பாதத்தில் இறங்குகிறது என்று பாருங்கள். பிறகு தோள், இடுப்பு, முழங்கால் மூன்றுக்கும் சரிவுக் கோடு மட்டும் போடுங்கள். நகையும் ஆடையும் கடைசியில். கண்ணாடிப் பிரதிபலிப்பு தொந்தரவு செய்தால் நேரே நிற்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் நகருங்கள். பென்சில் மட்டும் எடுத்துப் போங்கள், மையும் தண்ணீரும் வேண்டாம்.

அடுத்த முறைக்குத் திருவாலங்காட்டு நடராஜர். பிரெஞ்சுச் சிற்பி ரோதென் இதைப் புகைப்படத்தில் மட்டும் பார்த்தே ஒரு கட்டுரை எழுதினார். நீங்கள் பஸ் ஏறினால் நேரிலேயே பார்க்கலாம்.

வெளியே வரைய மெரினா உழைப்பாளர் சிலை இருக்கிறது. உங்கள் கல்லூரியின் முதல்வராக இருந்த ராய் சௌத்ரி செய்தது. காலையில் கடல் பக்கமிருந்தும் மாலையில் நகரத்துப் பக்கமிருந்தும் வெளிச்சம் விழும். ஒரே கோணத்தில் இரண்டு வேளையும் வரைந்தால், நான்கு ஆட்களின் முதுகுத் தசை முற்றிலும் வேறாகத் தெரியும்.

கேள்வி: ‘இதைப் படித்து என்ன வேலைக்குப் போவாய்?’ என்று அப்பா போன் செய்யும்போதெல்லாம் கேட்கிறார்.
– பலர்

பதில்: கற்பிக்க விருப்பமிருந்தால், கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான யு.ஜி.சி. நெட் தேர்வில் விஷுவல் ஆர்ட்ஸ் தனிப் பாடமாகவே இருக்கிறது. முதுகலையில் 55 சதவீதம் வேண்டும், இட ஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50. இறுதியாண்டிலேயே எழுதலாம். பொதுத் தாளில் 50 கேள்வி, பாடத் தாளில் 100, சேர்த்து 3 மணி நேரம், தவறான பதிலுக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. கலை வரலாற்றை ஒதுக்கிவிட்டு இதில் தேற முடியாது.

எந்த வழியில் போனாலும் படைப்புகளின் ஒழுங்கான படத்தொகுப்பு கேட்பார்கள். முடித்த அன்றே படம் எடுத்துவிடுங்கள். வெயில் நேரே படாத வராந்தாவில், காலை வேளையில், ஓவியத்தைச் செங்குத்தாகச் சாய்த்து, போனை அதன் நடு உயரத்துக்குப் பிடித்து, சற்றுத் தள்ளி நின்று இரு மடங்கு ஜூமில் எடுங்கள். அருகில் போய் எடுத்தால் விளிம்புகள் வளையும். அறை டியூப்லைட்டில் எடுத்தால் வெள்ளை பச்சையடிக்கும். கோப்பின் பெயரிலேயே தலைப்பு, ஊடகம், அளவு, ஆண்டு எழுதி வையுங்கள்.