மலைநாட்டில் இருந்துகொண்டு பழைய ஒஸ்டின் ஹீலி ஸ்பிரைட் காரை வீட்டிலேயே பராமரிக்க முடியுமா?

முடியும். கொழும்புக்கு லொறியில் ஏற்றி அனுப்ப வேண்டியதில்லை. நுவரெலியாவில் இருப்பதாகவும், 1960 ஆம் ஆண்டு ஸ்பிரைட் ஒன்று விலைக்கு வருவதாகவும், "நம்மூர் மெக்கானிக்குகளுக்கு இந்தக் காரெல்லாம் தெரியாது" என்று எல்லோரும் பயமுறுத்துவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிக்காகத்தான் பதில் எழுத உட்கார்ந்தேன். நம்மூர் ஆட்களுக்குத் தெரியாது என்பது அப்பட்டமான பொய்.

நீங்கள் அநேகமாக வெளிநாட்டிலோ கொழும்பிலோ சில காலம் உழைத்துவிட்டு ஊர் திரும்பியவராக இருப்பீர்கள். கையில் கொஞ்சம் சேமிப்பு இருக்கும், வீட்டோடு கார் நிறுத்த ஓர் இடம் இருக்கும். இரண்டு பேர் மட்டும் உட்காரும் காருக்கு இவ்வளவு பணமா என்று வீட்டில் ஒரு பேச்சும் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு என்னிடம் பதில் இல்லை. காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1958 இல் வெளிவந்த முதல் ஸ்பிரைட் ஸ்போர்ட்ஸ் காரை பிரிட்டிஷ் கார் வடிவமைப்பாளர் டொனால்ட் ஹீலி மலிவாக விற்பதற்காகவே உருவாக்கினார். அதனால் கைக்கு எட்டிய ஒஸ்டின், மொரிஸ் பாகங்களை எடுத்துக் கோத்தார். எடை 700 கிலோவுக்கும் குறைவு. 948 சி.சி. எஞ்சின், அந்தக் காலத்து மொரிஸ் மைனர் 1000 இல் இருந்த அதே ஏ சீரிஸ் எஞ்சின்தான். பெற்றோலையும் காற்றையும் கலந்து கொடுக்கும் எஸ்.யூ. கார்புரேட்டர் இரண்டும் வலுவான வால்வு ஸ்பிரிங்கும் சேர்த்து அதை 43 குதிரைவலுவுக்கு உயர்த்தினார்கள். ஸ்டியரிங் ராக் மொரிஸ் மைனருடையது. முன் சஸ்பென்ஷன் ஒஸ்டின் ஏ35 உடையது. இப்போது சொல்லுங்கள், ஹட்டனிலும் கம்பளையிலும் பண்டாரவளையிலும் மொரிஸ் மைனரைக் கழற்றிப் பூட்டத் தெரியாத பழைய மெக்கானிக் ஒருவரைக் காட்ட முடியுமா? பற்றவைப்புக்கான பொயின்ட், கொண்டென்சர், ரோட்டர், எஞ்சின் தலைக்கான ஹெட் கேஸ்கட் எல்லாம் மொரிஸுக்கு என்று கேட்டாலே கிடைக்கும்.

மொரிஸ் பாகம் போட்டால் காரின் அசல்தன்மை கெட்டுவிடும் என்று சிலர் சொல்வார்கள். என்னிடம் நேரிலேயே சொல்லியிருக்கிறார்கள். அந்தக் காரைச் செய்தவர்களே மொரிஸ் பாகம் போட்டுத்தான் செய்தார்கள் என்பதே அவர்களுக்கு என் பதில். எல்லாப் பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவில்லை. லோட்டஸ் எலான் என்றால் ஃபைபர் உடலும் இரட்டை கேம் எஞ்சினும், அது வேறு உலகம். நீங்கள் கேட்டது ஸ்பிரைட். அதன் இரட்டைப் பிறவியான எம்.ஜி. மிட்ஜெட்டுக்கும் நான் சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும்.

என் ஸ்பிரைட்டை நீர்கொழும்புப் பக்கம் வாங்கினேன். அங்கே ஓட்டிப் பார்த்தபோது எஞ்சின் சீராகத்தான் இருந்தது. கொட்டகலைக்குக் கொண்டுவந்த பிறகு கறுப்புப் புகை கக்கத் தொடங்கியது. பிளக்கைக் கழற்றினால் நான்கிலும் கரி. தலவாக்கலை தாண்டி நானுஓயா ஏற்றத்தில் இரண்டாவது கியரிலேயே திணறியது. விற்றவர் இலக்கம் தந்த ஒரு கொழும்பு கராஜுக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னேன். எஞ்சின் தேய்ந்துவிட்டது, சிலிண்டர்களைக் கடைந்து ரீபோர் செய்ய வேண்டும், கார்புரேட்டர் இரண்டையும் புதிதாக வரவழைக்க வேண்டும் என்றார்கள். காரை அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. எங்கிருந்து பேசுகிறேன் என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கோளாறு பாதி பிடிபட்டிருக்கும்.

என் அப்பா தேயிலை ஸ்டோரில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொழுந்து அரைக்கும் ரோலர், சிரோக்கோ உலர்த்தி, தண்ணீர் பம்பு, லொறி, பெரிய துரையின் கார் என்று தோட்டத்தில் சுழலுகிற எதுவும் அவர் கைக்குத்தான் வரும். துரைமார் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயத்துக்குப் போய்வந்தால், அங்கே போட்டு மிதித்த காரை மறுநாள் தோட்டச் சுற்றுக்குத் தயார் செய்து கொடுத்தவர்கள் எங்கள் ஆட்கள். எந்தப் பந்தயப் பதிவிலும் அவர்கள் பெயர் கிடையாது. இன்று நாட்டில் மிஞ்சியிருக்கும் பழைய கார்களைப் பற்றி எழுதுகிறவர்கள் முதலில் வைத்திருந்த துரை யார், பிறகு வாங்கிய முதலாளி யார் என்று வரிசையாக எழுதுகிறார்கள். நடுவில் இத்தனை காலம் அதை ஓட வைத்தவன் யார் என்று ஒரு வரி எழுதினால் என்ன?

அப்பாவிடம் கராஜ்காரர் சொன்னதைச் சொன்னேன். "எஞ்சினைக் குறை சொல்லாதே. மேலே வந்ததும் அதற்குக் காற்றுப் போதவில்லை" என்றார். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதைவிட ஆறில் ஒரு பங்கு குறைவு. நீர்கொழும்பில் அளந்து வைத்த பெற்றோல், மேலே வரும்போது அங்கிருக்கும் காற்றுக்கு அதிகமாகிவிடுகிறது. எரியாமல் மிஞ்சுவதுதான் புகையும் கரியும்.

அவர் செய்ததை அப்படியே எழுதுகிறேன், நீங்களும் செய்யலாம். எஞ்சினை நன்றாகச் சூடாக்கினார். ஏர் கிளீனர் இரண்டையும் கழற்றிவிட்டு, இரண்டு கார்புரேட்டரையும் இணைக்கும் தண்டின் கிளாம்பைத் தளர்த்தினார். பிறகு ஒரு சாண் நீளத்துக்குக் கொஞ்சம் அதிகமான ரப்பர் குழாய் ஒன்றை எடுத்து ஒரு முனையைக் காதில் வைத்தார், மறுமுனையைக் கார்புரேட்டரின் வாயருகே பிடித்தார். காற்று உறிஞ்சும் சீற்றம் அதில் கேட்கும். முன்னதில் கேட்டு, பின்னதில் கேட்டு, இரண்டும் ஒரே சுருதிக்கு வரும்வரை வேகத்திருகுகளை மாற்றி மாற்றித் திருகினார். அடுத்தது கலவை. மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் நுனியால் கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவாகத் தூக்கினார். எஞ்சின் வேகம் கூடி, கூடியபடியே நின்றது. பெற்றோல் அதிகம் என்று பொருள். அப்படித் தூக்கும்போது எஞ்சின் அணையப் பார்த்தால் பெற்றோல் குறைவு. இலேசாகக் கூடி உடனே பழைய நிலைக்கு வந்தால் சரி. அடியில், பெற்றோல் வரும் துளையான ஜெட்டைப் பிடித்திருக்கும் ஆறு பட்டை நட்டை ஒவ்வொரு பட்டையாக மேல்நோக்கித் திருகி, ஒவ்வொரு முறையும் பிஸ்டனைத் தூக்கிப் பார்த்தார். மேலே போனால் கலவை மெலியும், கீழே இறக்கினால் கொழுக்கும். இரண்டிலும் ஒரே அளவு திருப்ப வேண்டும் என்பது மட்டும் விதி.

காசு செலவில்லை. அந்த வார இறுதியிலேயே நானுஓயா ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஏறினேன். பிளக் நுனி பிஸ்கட் நிறத்துக்கு வந்தது. ரீபோர் கதை அத்தோடு முடிந்தது. நீங்கள் கீழ்நாட்டுக்கு அடிக்கடி இறங்குகிறவர் என்றால் இதில் கவனம் வேண்டும். மேலே மெலிய வைத்த கலவையோடு கொழும்பு வெயிலில் நெடுந்தூரம் மிதித்தால் எஞ்சின் சூடேறும், வால்வு கருகும். இறங்கும்போது அதே பட்டைக் கணக்கைத் திருப்பி வைத்துவிடுங்கள். எத்தனை பட்டை என்று காரிலேயே குறித்து வையுங்கள்.

கருவிகள் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்பிரைட்டின் நட்டுகள் அங்குலக் கணக்கு. 13 மில்லிமீற்றர் ஸ்பேனர் அரை அங்குல நட்டில் ஏறத்தான் செய்யும், ஆனால் இறுக்கிப் பிடிக்காது. இரண்டு முறை வழுக்கினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். அங்குல ஸ்பேனர் ஒரு செட் வாங்கிவிட்டுப் பிறகு காரைத் தொடுங்கள்.

முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங்பின்னுக்கு ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிறீஸ் அடிக்க வேண்டும் என்பது கம்பனி சொன்ன கணக்கு. ஸ்டியரிங் ஓயாமல் வளைகிற நம் பாதைக்கு நான் அதற்கு முன்பே அடித்துவிடுவேன். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிவிட்டு அடியுங்கள், அப்போதுதான் கிறீஸ் உள்ளே இறங்கும். வால்வு இடைவெளி 0.012 அங்குலம், பொயின்ட் இடைவெளி 0.015 அங்குலம். ஈயம் இல்லாத பெற்றோலில் பழைய ஹெட்டின் வால்வு இருக்கை மெல்ல மெல்லக் குழிந்து போகலாம். வால்வு இடைவெளி மறுபடி மறுபடி குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அறிகுறி. ஹெட்டைக் கழற்றி, கண்டியில் எஞ்சின் வேலை செய்யும் லேத் பட்டறை ஒன்றில் வால்வு இருக்கைக்குக் கடினமான வளையம் அடித்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, அந்தக் காலத்து ஸ்பிரைட்டில் பற்றரியின் பொசிட்டிவ் முனைதான் உடலோடு இணைந்திருக்கும். வயரிங் செய்யும் தம்பிமாரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பழக்கத்தில் மாற்றிக் கொடுத்தால் ஃபோன் சார்ஜரிலிருந்து ரேடியோ வரை புகையும்.

பிரேக்கைப் பற்றி மட்டும் நான் அழுத்திச் சொல்வேன். முதல் ஸ்பிரைட்டில் நான்கு சக்கரத்திலும் டிரம்தான், டிஸ்க் கிடையாது. றம்பொடை வளைவுகளில் கம்பளை நோக்கி இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே போனால் டிரம் சூடேறிப் பிடிப்பு விட்டுப்போகும். பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சும் சாமான். மழையும் மூடுபனியும் ஓயாத ஊரில் அது சீக்கிரம் கெடும், சூட்டில் அதற்குள் ஆவி கட்டினால் பெடல் தரைவரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதையும் மாற்றுங்கள். எந்த கியரில் அந்த ஏற்றத்தை ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள்.

மொரிஸில் தேடிப் பயனில்லாத ஒரு பாகமும் இங்கேதான் வருகிறது. பிரேக்குக்கும் கிளச்சுக்கும் சேர்த்து பெடலை மிதிக்கும்போது ஒயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் ஸ்பிரைட்டில் ஒரே வார்ப்பில் இரட்டையாக இருக்கிறது. மொரிஸ் மைனரின் கிளச்சுக்கு ஒயில் வேலையே இல்லை. ஆகவே ஸ்பிரைட் சிலிண்டரின் ரப்பர் செட்டை இங்கிலாந்திலிருந்துதான் தபாலில் வரவழைக்க வேண்டும். அது உள்ளங்கையில் அடங்கும் சின்னப் பொட்டலம்.

அந்தப் பொட்டலத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதை அரசியலாக்குகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம், எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் முறை வரவழைத்தபோது நான் அப்பாவோடு தோட்டத்தில்தான் இருந்தேன். தோட்டத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான எங்கள் லயத்துக்கு இலக்கம் கிடையாது, தெருப்பெயர் கிடையாது. இத்தனை நூறு குடும்பத்துக்கும் தோட்டத்தின் பெயர் மட்டுமே முகவரி. தபால்காரர் லயத்துக்கு வருவதில்லை. மொத்தத்தையும் தோட்ட அலுவலகத்தில் போட்டுவிட்டுப் போவார், அங்கிருந்து யாராவது நினைத்தபோது கொடுத்து அனுப்புவார்கள். என் பொட்டலம் வந்த தகவல் என் கைக்குக் கிடைத்தபோது, யாரும் வந்து பெற்றுக்கொள்ளவில்லை என்று அதைத் திருப்பி அனுப்பியே விட்டிருந்தார்கள். கார் பாகம் போனால் இன்னொன்று வாங்கலாம். எங்கள் பிள்ளைகளுக்கு நேர்முகத் தேர்வுக் கடிதம் தேர்வு முடிந்த பிறகு கிடைக்கிறதே, அந்த வேலையை யார் திருப்பித் தருவது? வங்கிக் கடிதமும் ஆஸ்பத்திரிக் கடிதமும் அப்படித்தான். 2023 இல், மலையகத் தமிழர் இந்த நாட்டுக்கு வந்து 200 ஆண்டு ஆனதை நினைவுகூர்ந்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். காணியும் வீடும் சொந்தமாக வேண்டும் என்பது அந்த நடையின் கோரிக்கைகளில் ஒன்று. காணி உறுதி இல்லாதவனுக்கு வீட்டு இலக்கம் எங்கிருந்து வரும்? "வீட்டிலேயே" பராமரிக்கலாமா என்று நீங்கள் கேட்டீர்கள். கார் நிறுத்த ஒரு தாழ்வாரம் போடுவதற்கே தோட்ட நிர்வாகத்தின் அனுமதி கேட்க வேண்டிய இடத்தில் என் அப்பா வாழ்ந்தார். உலகத்தில் செய்த எந்தக் காரையும் பழுது பார்க்கும் கை அவருடையது, பழுது பார்க்க ஓரடி நிலம் அவருக்குச் சொந்தமில்லை. நான் கொட்டகலை பஜாருக்குப் பக்கத்தில் ஒரு துண்டு நிலம் வாங்கி முதலில் கட்டியது அந்த கராஜைத்தான். வீடு அதற்குப் பிறகு வந்தது.

உங்களுக்கு நுவரெலியா டவுனுக்குள் முகவரி இருந்தால் தபால் பிரச்சினை இருக்காது. இருந்தாலும் பதிவுத் தபாலில் கேளுங்கள், கூடவே ஒரு செட் அதிகம் வாங்கி வையுங்கள்.

இனி நீங்கள் பார்த்திருக்கும் அந்தக் கார். எஞ்சின் புகைக்கிறதா, பெயின்ட் மங்கலா என்பதைப் பார்த்து விலை பேசாதீர்கள், அதெல்லாம் சரிசெய்யக்கூடியவை. இந்தக் காருக்குத் தனியாகச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். பின்பக்க வில் தகடுகள் பாதி நீளமே இருக்கும். அவற்றின் முன்முனை, இருக்கைக்குப் பின்னால் தரையோடு ஒட்டிய இரண்டு இரும்புப் பெட்டிகளுக்குள் செருகப்பட்டிருக்கும். பின்சக்கரத்தின் முழுப் பாரமும் அந்த இரண்டு பெட்டிகளில்தான் தொங்குகிறது. நம்மூர் மழையில் சேறும் தண்ணீரும் போய்த் தங்குவதும் அங்கேதான். கம்பளத்தைத் தூக்கிவிட்டு மேலிருந்து பாருங்கள், காருக்கு அடியில் படுத்துக் கீழிருந்தும் பாருங்கள். ஸ்க்ரூ டிரைவரால் அழுத்திக் குத்துங்கள். புதிதாகத் தார் பூசியிருந்தால் கட்டாயம் சுரண்டிப் பாருங்கள், விற்பவர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கதவைத் திறந்து மூடும்போது பின்விளிம்பு உரசினால் நடு உடல் தொய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிகள் உளுத்திருந்தால், நல்ல வெல்டிங்காரரிடம் காட்டி அவர் சொல்லும் தொகையைக் கழித்துக்கொண்டு விலை பேசுங்கள். விற்பவர் குறைக்க மறுத்தால் வேறு கார் வரும்வரை காத்திருங்கள். உறுதியாக இருந்தால் முன்பணத்தைக் கொடுத்துவிட்டு, ஓட்டிக்கொண்டு வராமல் லொறியில் ஏற்றி வாருங்கள். பிரேக்கைப் பிரித்துப் பார்க்கும்வரை அது சாலையில் இறங்கக் கூடாது.