வியாபாரக் கேள்வி-பதில்: ஐ.நா.வுக்குப் பை தைத்துக் கொடுக்கலாமா?

கேள்வி: ஐயா, பொகவந்தலாவையில் எட்டுப் பெண்கள் சேர்ந்து ஜுக்கி மெஷின் போட்டுப் பாடசாலைப் பைகள் தைக்கிறோம். எந்த நாட்டுக் கம்பனியும் ஐ.நா. அமைப்புகளுக்குச் சாமான் கொடுக்கலாமாமே? பதிந்து தர கொழும்பில் ஒருவர் 60,000 ரூபா கேட்கிறார். கொடுக்கட்டுமா?
– வாசகி, பொகவந்தலாவை

பதில்: ஒரு சதமும் கொடுக்காதீர்கள் தங்கச்சி. யு.என்.ஜி.எம். என்ற ஐ.நா. கொள்வனவு இணையத்தளத்தில் பதிவது முற்றிலும் இலவசம். வியாபாரப் பதிவுப் பத்திரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கணினி தெரிந்த ஒரு பிள்ளையோடு உட்கார்ந்தால் அடிப்படைப் பதிவை நீங்களே முடித்துவிடலாம். விலைமனு அறிவித்தல்களைப் பார்க்கவும் காசு இல்லை. அவற்றை மின்னஞ்சலில் அனுப்பிவைக்கும் சேவைக்குத்தான் கட்டணம். இப்போதைக்கு அது வேண்டாம். பொருள் குறியீட்டை, அதாவது நீங்கள் விற்பது என்ன வகைச் சாமான் என்று காட்டும் எண்ணை மட்டும் கவனமாகத் தெரிவு செய்யுங்கள், அதை வைத்துத்தான் உங்களைத் தேடுவார்கள்.

உங்கள் பைக்கு அங்கே இடமுண்டு. யுனிசெப்பின் கொள்வனவுப் பிரிவு கோபன்ஹேகனில் இருக்கிறது. அனர்த்த காலத்தில் ஓர் ஆசிரியருக்கும் 40 மாணவர்களுக்கும் போதுமான பாடசாலைச் சாமான்களை ஒரே பெட்டியில் அடைத்து அனுப்புகிறவர்கள் அவர்கள். ஆனால் இப்படியான இடங்களில் கேட்கும் தொகை எட்டு மெஷினுக்கு அடங்காது. முடியாததை ஒப்புக்கொண்டு பெயரைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். கொழும்பில் உள்ள ஐ.நா. அலுவலகங்கள் கேட்கும் சிறு விலைக்கோரல்களில் தொடங்குங்கள், அல்லது ஏற்றுமதி செய்யும் பெரிய தையல்காரர் ஒருவருக்குத் துணை ஒப்பந்தமாகத் தைத்துக் கொடுங்கள்.

நான் பட்ட ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஹட்டனில் கடை வைத்திருந்தபோது தார்ப்பாய்க்கு ஒரு விலைமனு போட்டேன். கடைசி நேரம் மாலை 4 மணி என்றிருந்தது. 3 மணிக்கே அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தேநீர் குடித்தேன். அது பாங்கொக் நேரம்! நமக்கு அது 2.30. விலையைப் பார்க்காமலே தள்ளிவிட்டார்கள். மூன்று வாரம் கணக்குப் பார்த்துக் கொடுத்த மனைவியின் முகத்தை அன்றிரவு என்னால் பார்க்க முடியவில்லை. மணிக்குப் பக்கத்தில் எந்த ஊர் நேரம் என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள்.

விலை போடும்போது கொழும்புத் துறைமுகம் வரையான லொறிக் கூலியையும் சேருங்கள். நம்ம பக்கத்து ஈரத்தில் துணியில் பூஞ்சணம் பிடிக்கும், பைகளை நன்றாக உலர்த்திப் பொலித்தீனில் சுற்றியே பெட்டியில் அடையுங்கள்.