வீட்டிலேயே யூஎஸ்பி ஒலி மாற்றி: கேள்விகளும் பதில்களும்

கணினியிலிருந்து யூஎஸ்பி வழியாக எண்களாக வரும் ஒலியை, ஹெட்போனும் ஆம்ப்ளிஃபயரும் ஏற்கும் அனலாக் மின்னலையாக மாற்றித் தருவது டிஏசி என்ற சிறு கருவி. அதைச் சொந்தமாகச் செய்துபார்க்க விரும்பும் நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மடிக்கணினியிலேயே ஹெட்போன் துளை இருக்கும்போது தனியாக ஒரு டிஏசி எதற்கு?

உங்கள் கணினியின் துளையில் இரைச்சல் எதுவும் கேட்கவில்லை என்றால், புதிய கருவியால் பெரிய வித்தியாசம் தெரியும் என்று நான் உறுதி கூறமாட்டேன். ஆனால் பல கணினிகளில் மவுஸை நகர்த்தினாலோ, வட்டிலிருந்து கோப்பு படிக்கப்பட்டாலோ, ஹெட்போனில் மெல்லிய கீச்சொலி எழுவதுண்டு. வேகமாக மாறும் மின்னோட்டங்கள் ஓடும் அதே பலகையில் ஒலிப்பகுதியும் அமைந்திருப்பதே பெரும்பாலும் அதற்குக் காரணம். அந்த ஒலிப்பகுதியை வெளியே எடுத்து, அதற்கென்று தூய்மையான மின்சாரமும் கிரவுண்டும் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொதுப் பாதை) கொடுப்பதுதான் நாம் செய்யப்போகும் வேலை. எனவே எந்தச் சிப் என்பதைவிட, அதற்கு மின்சாரம் எப்படிப் போகிறது, கிரவுண்டு எப்படித் திரும்புகிறது என்பவற்றில்தான் கவனம் அதிகம் வேண்டும்.

கேள்வி: முதல்முறை செய்பவருக்கு எந்தச் சிப் ஏற்றது?

டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிசிஎம்2704 என்பதே என் பரிந்துரை. யூஎஸ்பி இணைப்பு, கடிகார மீட்பு (வரும் தரவிலிருந்தே அதன் வேகத்தைக் கண்டுபிடிப்பது), டிஏசி, சிறிய ஹெட்போன் ஆம்ப்ளிஃபயர் ஆகிய அனைத்தும் 28 கால்கள் கொண்ட அந்த ஒரே சிப்பில் அடங்கிவிடுகின்றன. புரோகிராம் எழுதி ஏற்றவேண்டியதில்லை. யூஎஸ்பி ஒலிக் கருவிகளுக்கான பொது விதிமுறையைப் பின்பற்றுவதால், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் தனி டிரைவர் இல்லாமலேயே இயங்கும். 5 வோல்ட்டிலிருந்து தனக்கு வேண்டிய 3.3 வோல்ட்டையும் அதுவே உருவாக்கிக்கொள்ளும். வெளியே நாம் சேர்ப்பவை சிப்புக்குத் தாளம் தரும் 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், அதற்குக் குறுக்கே 1 மெகாஓம் மின்தடை, இரண்டு சிறிய மின்தேக்கிகள், யூஎஸ்பியின் இரு தரவுக் கம்பிகளிலும் (டி பிளஸ், டி மைனஸ்) தொடராக 22 ஓம், டி பிளஸ் கம்பியிலிருந்து 3.3 வோல்ட்டுக்கு 1.5 கிலோஓம், மின்சாரக் கால்களுக்கான மின்தேக்கிகள், வெளியீட்டு மின்தேக்கிகள் ஆகியவை மட்டுமே.

இதன் எல்லையையும் சொல்லிவிடவேண்டும். 32 ஓம் ஹெட்போனுக்குச் சுமார் 12 மில்லிவாட் கிடைக்கும்; அது சாதாரண ஹெட்போனுக்குப் போதும். 300 ஓம் ஹெட்போன் வைத்திருப்பவர்கள் பின்னால் ஓர் ஆம்ப்ளிஃபயரைச் சேர்க்கத்தான் வேண்டும்.

கேள்வி: அந்தச் சிப் 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் வரைதான் போகிறதே? 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ் இல்லாமல் செய்வதில் பயன் உண்டா?

உண்டு. பிட் என்பது ஒவ்வொரு ஒலி மாதிரியின் நுணுக்கம்; இங்கே கிலோஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு எத்தனை ஆயிரம் மாதிரிகள் என்பது. 16 பிட்டில் உச்ச ஒலிக்கும் இரைச்சலுக்கும் இடையிலான கோட்பாட்டு எல்லை ஏறத்தாழ 98 டெசிபல். வீட்டில் கையால் செய்யும் பலகையில் இரைச்சலை அந்த அளவுக்குக் கீழே கொண்டுவருவதே பெரிய சாதனை. அதைச் சாதிக்காமல் பிட்களைக் கூட்டினால், கூடுதல் பிட்கள் இரைச்சலைத்தான் துல்லியமாக எடுத்துச் சொல்லும்.

192 கிலோஹெர்ட்ஸ் ஏன் கடினம் என்பதற்குக் கணக்கு எளிது. 12 மெகாபிட் வேக யூஎஸ்பியில் ஒலித்தரவு ஒவ்வொரு மில்லிவினாடிக்கும் ஒரு பொட்டலமாக வரும். ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு 1023 பைட். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோவுக்கு 192 பைட் போதும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸுக்கு 576 பைட் ஆகும்; அதுவும் அடங்கும். 192 கிலோஹெர்ட்ஸுக்கு 1152 பைட் தேவைப்படுவதால் அடங்காது. அதற்கு 480 மெகாபிட் வேகமும், ஒலி விதிமுறையின் இரண்டாம் பதிப்பும் வேண்டும். விண்டோஸ் அந்தப் பதிப்பைத் தானாகவே ஏற்கத் தொடங்கியது 2017இல்தான். இவையெல்லாம் இரண்டாவது, மூன்றாவது கருவிக்கான பாடங்கள்.

கேள்வி: ஐயா, அந்தச் சிப்பின் கால்கள் மிக நெருக்கமாக இருக்கின்றன. சாதாரண சாலிடர் இரும்பால் பற்றவைக்க முடியுமா?

தாராளமாக முடியும். கால்களுக்கு இடையிலான தூரம் 0.65 மில்லிமீட்டர். ஊசி முனையைவிட, சற்றே அகன்ற, சரிவாக வெட்டிய முனைதான் இதற்கு ஏற்றது. முதலில் சிப்பைச் சரியாகப் பொருத்தி, எதிரெதிர் மூலைகளில் உள்ள இரண்டு கால்களை மட்டும் பற்றவையுங்கள். பிறகு லென்ஸ் வைத்துப் பாருங்கள். மீதிக் கால்கள் தத்தம் செம்புத் தடத்தின் நடுவே நிற்கவில்லை என்றால் இப்போதே திருத்திக்கொள்ளலாம், பின்னால் முடியாது. அடுத்து ஒரு வரிசை முழுவதற்கும் ஃபிளக்ஸை (ஈயம் நன்றாக ஒட்ட உதவும் பசை) தாராளமாகப் பூசி, முனையில் சிறு துளி ஈயத்தை ஏந்தி, கால்களின் நுனியை ஒட்டியே ஒரே சீராக இழுத்துக்கொண்டு வாருங்கள். ஃபிளக்ஸ் போதிய அளவு இருந்தால், ஈயம் பலகையின் பச்சைக் காப்புப் பூச்சின்மேல் நிற்காமல் கால்களுக்கே ஓடிவிடும். கடைசி இரண்டு கால்களுக்கு இடையே பெரும்பாலும் ஒரு பாலம் மிஞ்சும். செம்புப் பின்னலை வைத்து ஒருமுறை சூடாக்கினால் அது உறிஞ்சப்பட்டுவிடும். ஒரே காலை நெடுநேரம் சூடாக்காதீர்கள், செம்புத் தடம் பலகையிலிருந்து உரிந்து வந்துவிடும்.

கேள்வி: மின்சாரம் சுத்தமாக வரவேண்டும் என்பதற்காக 5 வோல்ட் கம்பியில் 2200 மைக்ரோஃபாரட் மின்தேக்கி போடலாமா?

வேண்டாம். யூஎஸ்பி விதிப்படி, செருகும் கணத்தில் கருவியின் மின்கம்பி காட்டும் கொள்ளளவு 10 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் போகக்கூடாது. அதைவிடப் பெரிய மின்தேக்கி காலியாக இருக்கும்போது ஒரு ஷார்ட் சர்க்யூட்டைப்போல மின்னோட்டத்தை இழுக்கும். கணினி அந்தத் துளையையே அணைத்துவிடக்கூடும். நுழைவாயிலில் ஒரு ஃபெரைட் மணி (உயர் அதிர்வெண் இரைச்சலைத் தடுக்கும் சிறு பாகம்), அதையடுத்து 10 மைக்ரோஃபாரட்டுக்கு மிகாத மின்தேக்கி, சிப்பின் மின்சாரக் கால்களுக்கு மிக அருகில் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் மின்தேக்கிகள்: இவை போதும். அந்தச் செராமிக் மின்தேக்கி காலிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் தள்ளி இருந்தால், பாதிப் பயன் அந்தத் தூரத்திலேயே போய்விடும்.

கேள்வி: ஹெட்போனில் தெளிவாகக் கேட்கிறது. ஆம்ப்ளிஃபயரில் இணைத்தால் மட்டும் ரீங்காரமும் கீச்சொலியும் வருகின்றன. சிப் பழுதா?

சிப் நன்றாகத்தான் இருக்கிறது. ஹெட்போனில் கேட்காத இரைச்சல் ஆம்ப்ளிஃபயரில் மட்டும் வருவது கிரவுண்டு வளையத்தின் அடையாளம். மடிக்கணினியின் சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் தனித்தனியே சுவர் மின்சாரத்தோடு இணைந்திருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் ஒலிக் கம்பியின் உறை வழியாக ஒரு சிறு மின்னோட்டம் சுற்றுகிறது. அந்த உறையில் எழும் மிகச் சிறிய மின்னழுத்தம் உங்கள் இசையோடு கூடிவிடுகிறது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் ஓட்டிப்பாருங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் சந்தேகமே இல்லை.

இரைச்சலின் சுருதியைக் கேட்டாலும் காரணம் பிடிபடும். தாழ்ந்த ரீங்காரம் சுவர் மின்சாரத்தின் அதிர்வெண்ணிலிருந்தும் அதன் மடங்குகளிலிருந்தும் வருவது. 1 கிலோஹெர்ட்ஸில் சீராக ஒலிக்கும் விசில், மில்லிவினாடிக்கு ஒருமுறை வரும் யூஎஸ்பி பொட்டலத்தின் தடம். அது கேட்டால் உங்கள் பலகையின் மின்சார வடிகட்டலையும் கிரவுண்டுப் பாதையையும் சோதிக்கவேண்டும்.

வளையத்தை அறுக்க எளிய வழி, ஒலிக் கம்பியில் ஒன்றுக்கு ஒன்று விகித ஒலி டிரான்ஸ்ஃபார்மர் சேர்ப்பது. மலிவான சிறிய டிரான்ஸ்ஃபார்மர்கள் தாழ்ந்த ஒலியைச் சற்றுக் குறைக்கும் என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளவேண்டும். இன்னொரு வழி, ஏடியுஎம்4160 போன்ற யூஎஸ்பி தனிமைப்படுத்தியை நடுவில் வைப்பது. அது 12 மெகாபிட் வேகத்தைக் கையாளும். அதன் மறுபக்கத்துக்கும் தனிமைப்படுத்திய 5 வோல்ட் கொடுக்கவேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எந்த நிலையிலும் ஆம்ப்ளிஃபயரின் எர்த் கம்பியை மட்டும் வெட்டாதீர்கள். இரைச்சல் போகும், உயிர்க்காப்பும் கூடவே போய்விடும்.

கேள்வி: பாஸ் ஒலி மிகவும் மெலிந்து வருகிறது. என்ன குறை?

வெளியீட்டு மின்தேக்கி சிறியதாக இருக்கலாம். இந்தச் சிப்பின் வெளியீடு ஒரு நேர் மின்னழுத்தத்தின்மேல் அமர்ந்திருப்பதால், அதைத் தடுக்கத் தொடராக ஒரு மின்தேக்கி தேவை. அதுவும் ஹெட்போனின் மின்தடையும் சேர்ந்து தாழ்ந்த அதிர்வெண்களை வெட்டுகின்றன. 32 ஓமுக்கு 100 மைக்ரோஃபாரட் போட்டால் வெட்டு 50 ஹெர்ட்ஸில் நிற்கும். 220 போட்டால் 23 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆம்ப்ளிஃபயருக்கு மட்டும் என்றால், அதன் உள்ளீடு 10 கிலோஓம் அளவில் இருப்பதால், 2.2 மைக்ரோஃபாரட்டே 7 ஹெர்ட்ஸ் வரை இறங்கிவிடும். எலக்ட்ரோலிட்டிக் மின்தேக்கியின் நேர்முனை சிப்பின் பக்கம் இருக்கவேண்டும்.

கேள்வி: கணினியில் செருகினால் "அறியப்படாத சாதனம்" என்று வருகிறது.

டி பிளஸ், டி மைனஸ் கம்பிகள் இடம் மாறியிருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள்; அடிக்கடி காணும் தவறு இதுதான். அடுத்து 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலின் கால்களும் அதன் மின்தேக்கிகளும். செருகியும் கணினி எதுவுமே சொல்லவில்லை என்றால், 1.5 கிலோஓம் மின்தடை இல்லை அல்லது சரியாகப் பற்றவில்லை என்று கொள்ளலாம். ஒரு கருவி வந்திருப்பதைக் கணினி அறிவதே அந்த மின்தடையால்தான்.

கேள்வி: நான் செய்த பலகையால் கணினிக்கு ஆபத்து வருமா?

கணினியில் செருகுமுன் மல்டிமீட்டரை மின்தடை அளவில் வைத்து, 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் அளந்துபாருங்கள். சில ஓம்கள் மட்டுமே காட்டினால் எங்கோ ஈயப் பாலம் இருக்கிறது. அதில் தேறிய பின் கைபேசி சார்ஜரில் செருகி, சிப்பின் 3.3 வோல்ட் கால்களை அளந்துபாருங்கள். சிப்பையும் விரலால் தொட்டுப்பாருங்கள், சூடு தெரியக்கூடாது. முதல்முறை கணினியோடு இணைக்கும்போது, தனி மின்சாரம் உள்ள ஒரு ஹப் வழியாக இணைப்பது நல்லது. ஏதேனும் கோளாறு என்றால் பெரும்பாலும் ஹப்போடு முடிந்துவிடும். ஹெட்போனைக் காதில் வைக்காமல் மேசையில் வைத்தபடியே முதல் பாட்டை ஓடவிடுங்கள்.