சிக்கலை முதலில் திருத்தி எழுதுங்கள்

கேள்வி: இயந்திரப் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். கணக்குகளில் நல்ல மதிப்பெண் வாங்குகிறேன். ஆனால் வடிவமைப்புப் பாடத்தில், முதியவர்களுக்கு மேம்பட்ட கைத்தடி ஒன்றை வடிவமைக்கச் சொன்னால், கடையில் ஏற்கெனவே கிடைப்பதைத் தவிர வேறெதுவும் தோன்றுவதில்லை. படைப்பாற்றல் பிறவியிலேயே வருவதா, பழகிக்கொள்ளக் கூடியதா?
- வாசகி, திருநெல்வேலி

பதில்: பழகிக்கொள்ளக் கூடியதுதான். கைத்தடி என்று கேள்வியிலேயே எழுதிவிட்டதால், பேனாவை எடுக்கும் முன்பே உங்கள் மனத்தில் அதன் உருவம் முடிவாகிவிடுகிறது. அங்கிருந்துதான் மாற்றம் தொடங்க வேண்டும்.

1960களின் இறுதியில் ஜெய்ப்பூரின் சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு மருத்துவர் பி.கே. சேத்தியும், கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் எதிர்கொண்டது இத்தகைய சூழலைத்தான். அன்று கிடைத்த மேல்நாட்டுச் செயற்கைப் பாதத்தின் உள்ளே விறைப்பான மரக்கட்டை இருந்தது. அதைக் காலணிக்குள் மறைத்தே அணிய வேண்டும். வெறுங்காலுடன் வயலில் இறங்குபவருக்கும், தரையில் குந்தி அமர்பவருக்கும் அது உதவவில்லை. அந்தப் பாதத்தையே இன்னும் சிறப்பாகச் செய்ய முயலாமல், இந்த மனிதர் நாள் முழுவதும் என்னென்ன செய்ய வேண்டியிருக்கிறது என்று அவர்கள் பார்த்ததால்தான், பஞ்சு போன்ற ரப்பர் கட்டைகளை உள்ளே வைத்து, டயர் நூலால் வலுவூட்டி, மேலே ரப்பர் தோல் போர்த்தி அச்சில் வேகவைத்த ஜெய்ப்பூர் பாதம் உருவானது.

உங்கள் கைத்தடியையும் வேலைகளாகப் பிரித்துப் பாருங்கள்: நிலைதடுமாறாமல் நிற்பது, படியேறுவது, தரையிலிருந்து எழுவது. நடக்கும்போது பிடி உயரமாக இருக்க வேண்டும், எழும்போது தாழ்வாக இருக்க வேண்டும் என்ற முரண்பாடு அப்போது தெரியவரும். சோவியத் பொறியாளர் கென்ரிக் அல்ட்ஷுல்லர் 1946இல் தொடங்கி ஏராளமான காப்புரிமைகளை ஆராய்ந்து, நல்ல கண்டுபிடிப்புகள் இத்தகைய முரண்பாட்டில் சமரசம் செய்துகொள்ளாமல் அதைத் தீர்க்கின்றன என்று காட்டினார். ஒரே பிடியை நடுத்தர உயரத்தில் வைப்பது சமரசம். வெவ்வேறு உயரங்களில் இரண்டு பிடிகள் வைப்பது தீர்வின் தொடக்கம். அப்படிப்பட்ட தடிகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதால் சோர்ந்துவிடாதீர்கள், நீங்களே அந்த இடத்தை எட்டும் வழியைக் கற்றுக்கொள்வதுதான் இப்போது முக்கியம்.

அடுத்து, ஒவ்வொரு வேலைக்கும் நேராக, அதைச் செய்யக்கூடிய வழிகளைச் சிறு படங்களாக வரைந்து அட்டவணையாக்குங்கள். வரையும்போது எதையும் மதிப்பிடாதீர்கள். வலிமைக் கணக்கும் விலையும் பின்னர் வரட்டும். தேர்ந்த கணக்குத் திறமை உடையவர்கள்தான் இந்த இடத்தில் அவசரப்பட்டு முதல் யோசனையிலேயே நின்றுவிடுகிறார்கள், ஏனெனில் கணக்கிட ஏதேனும் ஒன்று கையில் கிடைத்துவிட்டால் அவர்களுக்கு நிம்மதி. நம் மதிப்பெண் முறையும் இறுதி வரைபடத்தை மட்டுமே பார்த்து அந்த அவசரத்தை வளர்க்கிறது என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

அட்டவணையிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வழியை எடுத்து இணைத்து, அப்படி இரண்டு மூன்று சேர்க்கைகளைத் தேர்ந்து, அட்டையிலும் பிளாஸ்டிக் குழாயிலும் மாதிரி செய்து, தரையிலிருந்து எழச் சிரமப்படும் பெரியவர் ஒருவரிடம் காட்டுங்கள். மாதிரியின் மீது அவர் முழு எடையையும் போடாதபடி அருகில் நின்று, அவர் கை முதலில் எங்கே போகிறது என்று கவனித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.