விசிட் விசாவில் துபாய் போய், அங்கே வொர்க் பெர்மிட் வாங்கிக்கொள்ளலாமா?

ஐடிஐ ஃபிட்டர் முடித்திருப்பதாகவும், ஏஜெண்ட் ஒன்றரை லட்சம் கேட்டு, "முதலில் விசிட் விசாவில் போய்விடுங்கள், கம்பெனி அங்கே பெர்மிட் போட்டுக்கொடுக்கும்" என்று சொல்வதாகவும் கேட்டிருக்கிறீர்கள். கேள்வியை எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால், பணத்தில் பாதியை ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள் என்று தோன்றுகிறது. கொடுக்கவில்லையென்றால் மன்னித்துக்கொள்ளுங்கள். 2023இல் நான் முழுப் பணத்தையும் கொடுத்துவிட்டுத்தான் இதே கேள்வியை நாலு பேரிடம் கேட்டுத் திரிந்தேன்.

சேலம் சூரமங்கலத்தைச் சேர்ந்த நானும் இரண்டாண்டு ஃபிட்டர் படித்தவன்தான். பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தபோது, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலைக் கையில் வைத்திருந்தும், பிரவுசிங் சென்டரில் படிவம் நிரப்பியவர் அதைக் கேட்கவுமில்லை, நான் காட்டவுமில்லை. "எந்தக் கட்டமா இருந்தா என்ன தம்பி, பாஸ்போர்ட் வந்தா சரி" என்றார். வந்த பாஸ்போர்ட் இசிஆர், அதாவது 'எமிகிரேஷன் செக் ரிக்வயர்டு' பாஸ்போர்ட். ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டு அடுத்தவன் வாழ்க்கையில் கண்ணை மூடிக்கொண்டு டிக் அடிக்கும் இவர்களைக் கேட்பார் யாருமில்லை என்ற ஆத்திரம் எனக்கு இன்னும் தீரவில்லை. சரி, அது போகட்டும்.

இசிஆர் என்றால் என்ன என்று அன்று எனக்குத் தெரியாது. 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, ஐக்கிய அரபு அமீரகம் உட்பட 18 நாடுகளுக்கு அந்தப் பாஸ்போர்ட்டில் வேலைக்குப் போகிறவர், கிளம்பும் முன் குடிபெயர்வோர் பாதுகாப்பு அலுவலரிடம் அனுமதி பெற வேண்டும். பத்தாம் வகுப்பு தேறியவருக்கோ, அங்கீகாரம் பெற்ற நிறுவனத்தில் இரண்டாண்டு தொழிற்படிப்பு முடித்தவருக்கோ இந்த அனுமதியே தேவையில்லை. அதாவது, நான் இரண்டு வகையிலும் தகுதி உள்ளவனாக இருந்தும், தகுதி இல்லாதவனாகப் பாஸ்போர்ட்டை வைத்திருந்தேன். ஐந்து ரோட்டில் மாடியில் அலுவலகம் வைத்திருந்த ஏஜெண்ட் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்ததும், "இதுக்குக் கிளியரன்ஸ் வாங்க மூணு மாசம் ஆகும் தம்பி, விசிட்ல போனா மூணே நாள்" என்றார். அந்த அனுமதி கேட்டால் வேலை தருகிற நிறுவனமும் சம்பளமும் எழுத்தில் வந்தாக வேண்டும் என்பதும், அதைத் தவிர்க்கத்தான் விசிட் விசா என்பதும் எனக்கு உறைக்கவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் அம்மாவின் சங்கிலியை அடகு வைத்து 1,40,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது கேட்டதற்கு, "நம்பிக்கை இல்லையா தம்பி?" என்றார். நான் வெட்கப்பட்டுக்கொண்டு இறங்கி வந்துவிட்டேன்.

போய்ச் சேர்ந்த இடம் அமீரகத்தின் அஜ்மானில் ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை. மூன்றாவது வாரம் சோதனைக்கு ஆள் வருவதாகச் செய்தி வந்ததும், ஃபோர்மேன் என்னையும் இன்னொருவரையும் அடுக்கி வைத்திருந்த இரும்புத் தகடுகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டார். பதற்றத்தில் கிரைண்டரைக் கீழே வைக்கக்கூடத் தோன்றாமல், அதன் சூடு தொடையில் இறங்க, முக்கால் மணி நேரம் குந்தியிருந்தேன். ஊரில் எத்தனையோ பட்டறைகளில் தலை நிமிர்ந்து வேலை பார்த்த கைதான் அது. அறுபது நாள் விசா முடிந்த பிறகும் "அடுத்த வாரம், அடுத்த வாரம்" என்றே முதலாளி இழுத்தார். கெடு தாண்டித் தங்கினால் ஒரு நாளைக்கு 50 திர்ஹம் அபராதம். நான் தங்கியது 41 நாள், 2,050 திர்ஹம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 46,000 ரூபாய். இரண்டு மாதச் சம்பள பாக்கியைக் கேட்டுப் புகார் கொடுக்கலாம் என்று உடன் இருந்தவர்கள் சொன்னார்கள். என் பெயரில் பத்தாக்காவும் (தொழிலாளர் அட்டை) இல்லை, ஒப்பந்தமும் இல்லை. பெர்மிட் இல்லாமல் வேலை செய்ததை நானே போய் ஒப்புக்கொள்வதா என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

"விசிட்டில் போய் நல்ல வேலையில் இருப்பவர்கள் எத்தனையோ பேர்" என்று யாராவது சொல்லக்கூடும். இருக்கிறார்கள், மறுக்கவில்லை. விசிட்டில் போய் வேலை தேடுவதும், வேலை கிடைத்து நிறுவனம் பெர்மிட் எடுத்த பிறகு அங்கேயே விசாவை மாற்றிக்கொள்வதும் நடப்பதுதான். பெர்மிட் வரும் முன் ஒரு நாள் வேலை செய்தாலும் குற்றம் என்பதுதான் நான் சொல்வது. 2024இல் திருத்திய சட்டப்படி, அப்படி ஆள் வைக்கும் முதலாளிக்கு ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை அபராதம் உண்டு. நான் வக்கீல் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதை மட்டுமே எழுதுகிறேன்.

ஊர் திரும்பியதும் மதிப்பெண் பட்டியலைக் கொடுத்துப் பாஸ்போர்ட்டை மறுவெளியீடு செய்து, இசிஆர் இல்லாமல் வாங்கினேன். இந்த முறை படிவத்தை நானே நிரப்பினேன். பிறகு, ஏஜெண்டின் பதிவு எண்ணை வெளியுறவு அமைச்சகத்தின் இமைகிரேட் தளத்தில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் சென்னைக்குப் பஸ் ஏறினேன். அங்கே விமான டிக்கெட்டுக்கு முன்பே அமீரகத் தொழிலாளர் அமைச்சகத்தின் ஆஃபர் லெட்டர் என் கைக்கு வந்தது. அதைத் தமிழிலும் கேட்டு வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பதவி, அடிப்படைச் சம்பளம், படி எல்லாம் அதில் இருக்கும். பின்னால் போடும் ஒப்பந்தம் அதோடு பொருந்த வேண்டும். போன பிறகு மெடிக்கல், எமிரேட்ஸ் ஐடி, பத்தாக்கா என்று வேலைகள் வரிசையாக நடந்தன. அதற்கெல்லாம் நிறுவனமே செலவு செய்தது. ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்கக் கூடாது என்பது அந்த நாட்டின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். ஆகவே உங்கள் ஏஜெண்ட் "விசா செலவு" என்று கணக்குச் சொன்னால் அது யாருக்கான செலவு என்று கேளுங்கள்.

நம் நாட்டில் பதிவு பெற்ற ஏஜெண்ட் தன் சேவைக்கு வாங்கக்கூடியது அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டியும்தான். சென்னையில் நான் கட்டியது 35,400 ரூபாய். நான் கேட்காமலேயே ரசீதை நீட்டினார்கள்.