மலேசியப் பயணம்: மாதத்தை முதலில் சொல்லுங்கள், ஊரைப் பிறகு பார்க்கலாம்

கோலாலம்பூரில் பிறந்து வளர்ந்து, தமிழ்நாட்டுப் பயணிகளுக்குப் பல ஆண்டுகளாக வழிகாட்டியாக இருக்கும் ஓர் அக்காவிடம் மலேசியா செல்லத் திட்டமிடுவோர் கேட்டவையும் அவர் சொன்ன பதில்களும்.

திருச்சியிலிருந்து: அக்கா, அரையாண்டு விடுமுறையில் நாங்கள் நான்கு பேர் ஏழு நாள் வருகிறோம். கோலாலம்பூர், ரெடாங் தீவு, கேமரன் மலை, பினாங்கு, லங்காவி என்று பட்டியல் போட்டிருக்கிறோம். சரியாக வருமா?

வராது தம்பி. முதலில் ரெடாங்கை அடித்துவிடுங்கள். ஊரில் உங்களுக்கு மழை கொண்டுவரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் எங்கள் கிழக்குக் கரையையும் போட்டுத் தாக்கும். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை, சில ஆண்டு மார்ச் வரைக்கும், ரெடாங், பெர்ஹெந்தியான், தியோமான் தீவுகள் பக்கம் கடல் கொந்தளிப்பு. படகு ஓடாது, பெரும்பாலான விடுதிகளைப் பூட்டிவிடுவார்கள். இணையத்தில் தெரியும் நீலக் கடல் படங்களெல்லாம் ஏப்ரல் முதல் செப்டம்பருக்குள் எடுத்தவை.

லங்காவி மேற்குக் கரையில் இருக்கிறது. நடுவில் தித்திவாங்சா மலைத்தொடர் நின்று காற்றை மறைத்துக்கொள்வதால் டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை அங்கே நல்ல வெயில். அங்கே செப்டம்பர், அக்டோபரில்தான் மழை கொட்டும். அதனால்தான் யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி "எந்த மாதம்?" என்பது. இந்த நாட்டில் ஒரு பக்கம் மூடியிருக்கும்போது இன்னொரு பக்கம் திறந்திருக்கும்.

ஏழு நாளுக்கு: கோலாலம்பூரில் மூன்று இரவு, பினாங்கில் இரண்டு, லங்காவியில் ஒன்று அல்லது இரண்டு. கோலாலம்பூரின் பெரிய ரயில் நிலையமான கே.எல். சென்ட்ரலிலிருந்து, பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். ரயில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். இறங்கி நடந்தால் படகுத்துறை, கால் மணியில் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன். பினாங்கிலிருந்து லங்காவிக்கு விமானம். கேமரன் மலையை விட்டுவிடுங்கள். போகவே அரை நாள், வளைவுகளில் பிள்ளைகளுக்கு வாந்தி வரும், தேயிலைத் தோட்டத்தை மூணாறிலோ வால்பாறையிலோ பார்த்தவர்களுக்கு அந்த ஒரு நாள் அநியாயம். டிசம்பர் கடைசியில் எங்கள் பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால் ரயில் டிக்கெட்டை விமான டிக்கெட்டோடு சேர்த்தே எடுத்துவிடுங்கள்.

சென்னையிலிருந்து: விசா வேண்டாம் என்கிறார்கள். ஆனால் விமான நிலையத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றும் கேள்விப்படுகிறேன். எது உண்மை?

இரண்டும் உண்மை. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் 30 நாள் வரை விசா தேவையில்லை. இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். விசா இல்லை என்றால் கேள்வியும் இல்லை என்று அர்த்தமில்லை. திரும்பும் டிக்கெட், தங்குமிடப் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கு அத்தாட்சி, ஆறு மாதமாவது செல்லுபடியாகும் கடவுச்சீட்டு, இவ்வளவும் கையில் இருக்கட்டும். தாளில் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசி சார்ஜ் போய் கவுன்டர் முன்னால் முழிப்பவர்கள் எத்தனையோ பேர்.

வருவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எம்.டி.ஏ.சி. என்னும் மின்னியல் வருகை அட்டையைக் குடிநுழைவுத் துறையின் தளத்தில் நிரப்ப வேண்டும். அது முழுக்க இலவசம். தேடினால் அதே மாதிரி தோற்றத்தில் காசு கேட்கும் தளங்களும் வரும், ஏமாறாதீர்கள்.

திருப்பி அனுப்பப்படுபவர்கள் பலர், எங்கே தங்குகிறோம் என்றே சொல்லத் தெரியாதவர்கள். "நண்பர் வந்து கூட்டிப்போவார்" என்பது பதிலாகாது, அவருடைய முகவரியும் எண்ணும் வேண்டும். இன்னொரு வகை, ஊரில் ஏஜென்ட் பேச்சைக் கேட்டுச் சுற்றுலாவில் வந்து வேலைக்கு மாறிக்கொள்ளலாம் என்று நம்பி வருபவர்கள். அந்தப் பேச்சை ஒருநாளும் நம்பாதீர்கள். பிடிபட்டால் அடைபட்டுக் கிடப்பது ஏஜென்ட் இல்லை, நீங்கள்.

கும்பகோணத்திலிருந்து: நாங்கள் சுத்த சைவம். அம்மா வெங்காயம், பூண்டுகூடத் தொடமாட்டார். பத்து நாள் பழத்தில்தான் ஓட்ட வேண்டுமா?

வேண்டாம் அம்மா, ஆனால் எதில் என்ன கலந்திருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மலாய்ச் சமையலில் பெலாச்சான் என்று இறால் விழுது உண்டு. சிவப்பாக, வெறும் மிளகாய்ச் சட்னி மாதிரி தெரியும் சம்பலில் அது இருக்கும். வெறும் கீரை வதக்கல்தானே என்று நினைத்து எடுப்பதிலும் இருக்கும். நாசி லெமாக் என்னும் தேங்காய்ப்பால் சோற்றில் நெத்திலி நிச்சயம். மாமாக் கடையில் (தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் சாப்பாட்டுக் கடை) ரொட்டி சானாய்க்கு, அதாவது நம்ம பரோட்டா மாதிரி ரொட்டிக்கு, பருப்புக் குழம்பு கேட்டால், பழக்கத்தில் அதன் மேலேயே ஒரு கரண்டி மீன் குழம்பை ஊற்றிவிடுவார்கள். "பருப்பு மட்டும்" என்று தமிழிலேயே சொல்லுங்கள், கல்லாவில் இருப்பவருக்குப் பெரும்பாலும் தமிழ் தெரியும்.

உங்கள் அம்மாவுக்கு நான் சொல்வது சீனர்களின் சைவ உணவகங்களைத்தான். பௌத்த முறைப்படி நடத்தும் கடைகளில் வெங்காயம், பூண்டும் சேர்ப்பதில்லை. எல்லா ஊரிலும் உண்டு. தட்டில் மீனும் வாத்தும் இருப்பதுபோல் தெரிந்தால் மிரள வேண்டாம், சோயாவிலும் கோதுமையிலும் அப்படி உருப்பிடித்திருப்பார்கள். அதைப் பார்க்கவே அம்மாவுக்கு ஒவ்வாது என்றால் வெறும் காய்களை எடுத்துப்போட்டுக்கொள்ளலாம். அந்த வகைக் கடையில் பரப்பி வைத்திருப்பதிலிருந்து வேண்டியதை நாமே எடுப்பதுதான் வழக்கம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடைகளுக்குப் போனால் ஒரே சமையலறையில் கறியும் ஆகிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலும் சுத்த சைவக் கடைகள் தனியாக உண்டு.

தேநீர் கேட்கும்போது சும்மா "தே" என்றால் கெட்டிப்பால் ஊற்றித் தித்திப்பாக வரும். "தே ஓ" என்றால் பால் இருக்காது, "தே ஓ கோசோங்" என்றால் சீனியும் இருக்காது. "குராங் மானிஸ்" என்று சேர்த்துச் சொன்னால் இனிப்பைக் குறைப்பார்கள், ஆனால் அவர்கள் கணக்குப்படிதான் குறைப்பார்கள்!

மதுரையிலிருந்து: தைப்பூசத்துக்குப் பத்துமலை வர ஆசை. கூட்டத்தை நினைத்தால் பயமாக இருக்கிறது.

முருகனைப் பார்ப்பது மட்டும் போதும் என்றால் சாதாரண நாளில் காலை ஏழு மணிக்குப் போங்கள். கே.எல். சென்ட்ரலிலிருந்து கொமுட்டர் ரயில் பத்துமலை அடிவாரத்திலேயே நிற்கும். 42.7 மீட்டர் சிலைக்குப் பின்னால் 272 படி. கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். குரங்கு நம் முகத்தைப் பார்க்காது, பையைத்தான் பார்க்கும். ஓரத்தைக் கிழித்து வாழைப்பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டு தேங்காயை உருட்டிவிடும்.

தைப்பூசமே வேண்டும் என்றால் பினாங்கைப் பாருங்கள் என்பேன். வெள்ளி ரதமும் தங்க ரதமும் ஜார்ஜ் டவுனிலிருந்து தண்ணீர்மலை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில், ரதம் வருமுன்னே சாலையோரம் தேங்காய் மலைபோல் குவிந்திருக்கும். உடைப்பவர்களில் சீனர்கள் நிறைய. ரதம் நெருங்கியதும் ஒரே நேரத்தில் எல்லாரும் ஓங்கி அடிக்க, தெருவே வெண்மையாகி இளநீர் ஆறாக ஓடும், பின்னாலேயே உடைந்த ஓடுகளை ஒதுக்கிக்கொண்டு வருவார்கள். சப்பல் போட்டு வராதீர்கள், ஓடு குத்தும். நல்ல ஷூ போடுங்கள்.

இங்கே நாள்காட்டியும் பல. சீனப் புத்தாண்டு சமயம் சீனர் கடைகள் இரண்டு மூன்று நாளாவது மூடியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் மலாய்க்காரர் கடைகள் மூடியிருக்கும், ஆனால் மாலை நான்கு மணிக்கு மேல் தெருவோரம் திறக்கும் நோன்புச் சந்தைபோல் சாப்பாட்டு வேட்டைக்கு வேறு காலமில்லை. நோன்புப் பெருநாளை ஒட்டி எல்லாரும் சொந்த ஊருக்குக் கிளம்புவதால் நெடுஞ்சாலை நகராது. கோலாலம்பூர் மட்டும் காலியாக, அழகாக இருக்கும். அந்த வாரம் வருபவர்கள் நகரத்திலேயே இருந்துவிடுங்கள்.

சேலத்திலிருந்து: பிளக், டாக்சி, பணம் பற்றிச் சுருக்கமாகச் சொல்லுங்கள்.

சதுரக் கால் மூன்று உள்ள பிளக், அடாப்டர் வேண்டும். டாக்சிக்குக் கிராப் செயலி. விமான நிலையத்திலிருந்து கே.எல். சென்ட்ரலுக்கு விரைவு ரயில் 28 நிமிடம், ஒருவருக்கு 55 வெள்ளி (ரிங்கிட்டை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்). மூன்று நான்கு பேர் என்றால் கிராப்பே மலிவு. நகர ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டச் அன் கோ அட்டை. ஹோட்டலில் அறைக்கு ஓர் இரவுக்கு 10 வெள்ளி சுற்றுலா வரி கேட்பார்கள், அது அரசு வரி, சண்டை போடாதீர்கள். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளுங்கள். இரட்டைக் கோபுரம் மேலே ஏறுவதாக இருந்தால் திங்கள்கிழமை வேண்டாம்.

பெங்களூரிலிருந்து: ஒராங் ஊத்தான் பார்க்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து ரயிலில் போகலாமா?

நடுவில் தென்சீனக் கடல் இருக்கிறதே! சபாவும் சரவாக்கும் போர்னியோ தீவில். கோத்தா கினபாலுவுக்கு விமானத்தில் இரண்டரை மணி நேரம். உள்நாட்டு விமானம்தான், ஆனாலும் அங்கே தனிக் குடிநுழைவுச் சோதனை உண்டு. கடவுச்சீட்டைக் கோலாலம்பூர் ஹோட்டல் லாக்கரில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சபாவில் சண்டக்கான் பக்கம் செப்பிலோக், சரவாக்கில் கூச்சிங் பக்கம் செமெங்கோ. இரண்டும் மறுவாழ்வு மையங்கள், உணவு வைக்கும் நேரத்தில் பார்வையாளர்களை விடுவார்கள். காட்டில் பழம் பழுக்கும் காலத்தில் அவை மேடைப் பக்கமே எட்டிப் பார்க்காது. அதனால் ஒரே வேளையை நம்பிப் போகாமல் சண்டக்கானில் இரண்டு இரவு தங்குங்கள், கினபாத்தாங்கான் ஆற்றில் படகு ஏறினால் நீள்மூக்குக் குரங்கும் கிடைக்கும். கினபாலு மலை (4,095 மீட்டர்) ஏற எண்ணமிருந்தால் மாதக்கணக்கில் முன்பே பதிய வேண்டும். மே கடைசியில் வந்தால் சபாவில் 30, 31 தேதிகளில் அறுவடைத் திருவிழா, மறுநாளே சரவாக்கில் கவாய் என்னும் அவர்களுடைய அறுவடைத் திருவிழா. எனக்குப் பிடித்த வாரம் அது.

காரைக்குடியிலிருந்து: என் தாத்தா பினாங்கில் லேவாதேவிக் கடையில் இருந்தவர். எனக்கு வயது 68. அந்த இடங்களையும் கடாரத்தையும் பார்க்க முடியுமா?

வாருங்கள் ஐயா. ஜார்ஜ் டவுனில் பினாங்கு ஸ்ட்ரீட்தான் நகரத்தார் தெரு. வெள்ளி ரதம் புறப்படும் கோவில் வீடு அங்கேதான். பக்கத்திலேயே, ஒரே தெருவில் ஆங்கிலேயர் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், சீனர்களின் குவான் யின் கோவில், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். ஒட்டிய தெருவில் மகா மாரியம்மன் கோவில். நடந்தே அரை மணியில் பார்க்கலாம், வெயிலுக்கு முன் கிளம்புங்கள். பள்ளிவாசலில் தொழுகை நேரம் தவிர உள்ளே விடுவார்கள், அங்கியும் தருவார்கள். வெள்ளிக்கிழமை நண்பகலில் போகாதீர்கள்.

கடாரம் என்பது இன்றைய கெடா மாநிலம். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் இருக்கிறது, பினாங்கிலிருந்து கார் எடுத்துக்கொண்டு காலையில் போய் மதியம் திரும்பலாம். தஞ்சைக் கோவிலை மனத்தில் வைத்துப் போனால் ஏமாந்துபோவீர்கள். பெரும்பாலும் செங்கல்லும் ஆற்றுக்கல்லுமான அடித்தளங்கள்தான் மிஞ்சியிருக்கின்றன. ஆனால் அருவிச் சத்தத்துக்கு நடுவே புக்கிட் பத்து பாஹாட் சண்டியின் (பழங்கோவிலை இங்கே அப்படித்தான் சொல்வார்கள்) தூண் தாங்கிய கற்களைப் பார்க்கும்போது, 1025இல் இராசேந்திரன் ஏன் இந்தத் துறைமுகம் வரை கப்பல் அனுப்பினான் என்று யோசிக்கத் தோன்றும். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், அதைக் கணக்கில் வையுங்கள். ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை மாத்திரை எல்லாம் மருத்துவர் சீட்டோடு, அதன் அட்டையிலேயே இருக்கட்டும். போதைப்பொருள் சட்டம் இங்கே மிகக் கடுமை, மற்றவர் கொடுக்கும் பொட்டலத்தை மட்டும் வாங்கி வராதீர்கள்.

ஈரோட்டிலிருந்து: அப்படியே சிங்கப்பூரையும் இரண்டு நாள் சேர்த்துக்கொள்ளலாமா?

சேர்க்கலாம் தம்பி, ஆனால் சிங்கப்பூருக்கு உங்களுக்கு விசா வேண்டும், ஊரிலேயே எடுத்துவிடுங்கள். இரண்டு நாட்டையும் இணைக்கும் ஜொகூர் பாரு பாலத்தை வெள்ளி மாலையும் ஞாயிறு மாலையும் தாண்ட நினைக்காதீர்கள், பஸ்ஸிலேயே பொழுது போய்விடும். திரும்பும் விமானம் கோலாலம்பூரிலிருந்து என்றால் மறுபடி மலேசியாவுக்குள் நுழைகிறீர்கள், வருகை அட்டையை இன்னொரு தடவை நிரப்ப வேண்டும். அதைச் சிங்கப்பூர் ஹோட்டலிலேயே வைஃபை இருக்கும்போது முடித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.