கையடக்க இசைக் கருவிக்கு எந்த ஒலி வடிவம், எந்த பிட்வீதம்?

குறுந்தகடுகளிலுள்ள பாடல்களைக் கையடக்க இசைக் கருவிக்கு மாற்ற எந்த வடிவம் ஏற்றது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் கருவியின் கையேட்டைப் பாருங்கள். எம்பி3 ஏறக்குறைய எல்லாக் கருவிகளிலும் ஒலிக்கும். 2012இல் தரப்படுத்தப்பட்ட ஓபஸ் வடிவத்தைப் பழைய கருவிகள் பலவற்றால் இயக்க இயலாது.

பிட்வீதம் என்பது ஒரு நொடி ஒலிக்குச் செலவாகும் தரவின் அளவு. குறுந்தகட்டின் ஒலி நொடிக்கு 1,411 கிலோபிட் என்பதால், நான்கு நிமிடப் பாடல் சுமார் 42 மெகாபைட் (எம்பி) இடத்தைப் பிடிக்கும். ஃபிளாக் என்னும் ஒலி வடிவம் எதையும் இழக்காமல் அதைப் பெரும்பாலும் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்குக்குள் சுருக்கிவிடும். 320 கிலோபிட் எம்பி3 ஆக்கினால் 9.6 எம்பி போதும். எம்பி3 கோப்புகளை உருவாக்கும் லேம் குறியாக்கியில் மாறும் பிட்வீதத்தைத் தேர்ந்து வி2 என்ற தர அளவில் வைத்தால், தனிக்குரல் ஒலிக்கும் இடத்தில் குறைவாகவும் கருவிகள் ஒருசேர முழங்கும் இடத்தில் அதிகமாகவும் பிட்டுகள் செலவாகி, சராசரி 190 கிலோபிட் அளவில், அதே பாடல் 6 எம்பிக்குள் அடங்கிவிடும். நடந்துகொண்டோ பயணத்திலோ கேட்பவருக்கு இதுவே போதுமானது என்பது என் கருத்து; அமைதியான அறையில் நல்ல ஹெட்ஃபோனில் கேட்பவர் அதைவிட உயர்ந்த வி0 தரத்தை வைத்துக்கொள்ளலாம்.

மாதிரி வீதத்தை, அதாவது நொடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்பதை, குறுந்தகட்டில் உள்ள 44.1 கிலோஹெர்ட்ஸிலேயே விட்டுவிடுங்கள், கூட்டுவதால் பயனில்லை. முன்பே 128 கிலோபிட்டில் சுருக்கிய எம்பி3யை 320க்கு மாற்றுவதும் அப்படித்தான்: கோப்பு பெரிதாகுமே தவிர, முதல் சுருக்கத்தால் சிம்பல் ஒலியில் கேட்கும் சலசலப்பு போகாது. எனவே கணினியில் ஃபிளாக் மூலப்படி ஒன்றை வைத்துக்கொண்டு, கருவிக்கான கோப்புகளை எப்போதும் அதிலிருந்தே உருவாக்குங்கள்.